மின்நூலுக்குப் பூட்டா, வாங்கியவர் பெயரா?

புதுச்சேரியில் சின்னதாகப் பதிப்பகம் நடத்தும் நண்பர் போட்ட நாவல், மின்நூலாக வந்த வேகத்திலேயே டெலிகிராமில் பிடிஎஃப்பாகச் சுற்ற ஆரம்பித்துவிட்டது. அடுத்த புத்தகத்துக்கு என்ன செய்யலாம் என்று கேட்கிறார்.

டிஆர்எம் பூட்டு, அதாவது நகலெடுக்கவும் பகிரவும் விடாமல் தடுக்கும் மென்பொருள் பூட்டு, போடலாம். சட்டமும் துணைக்கு இருக்கிறது: இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவின்படி, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் 2 ஆண்டு வரை சிறை. ஆனால் எங்கோ ஒருத்தர் உடைத்தால் போதும், அதுகூட வேண்டாம், அச்சுப் புத்தகத்தையே செல்போனில் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து ஏற்றிவிடுகிறார்கள் (பல பிடிஎஃப்களில் ஓரத்தில் கட்டைவிரல்கூடத் தெரியும்). கடைசியில் அவதிப்படுவது காசு கொடுத்தவர்தான். கடலூரில் இருக்கும் தங்கைக்குப் படிக்கக் கொடுக்க முடியாது, தன் கணக்கில் சேராத கருவியில் திறக்காது.

இன்னொரு வழி, பூட்டே இல்லாத இபப் (மின்நூலுக்கான பொதுவான கோப்பு வடிவம்). உள்ளே வாங்கியவரின் பெயரும் ஆர்டர் எண்ணும் பதிந்திருக்கும். விவரம் தெரிந்தவர் அதையும் அழித்துவிடுவார், சரி. ஆனாலும் தன் பெயர் உள்ள கோப்பைக் குரூப்பில் போட யாருக்கும் கை கொஞ்சம் கூசும். அறிவியல் புனைகதைகள் வெளியிடும் அமெரிக்காவின் டோர் பதிப்பகம் 2012ல் பூட்டை எடுத்தது. அடுத்த ஆண்டு அதன் பிரிட்டன் கிளை, திருட்டு கூடியதாகத் தெரியவில்லை என்றே சொன்னது.

என் ஓட்டு இதற்குத்தான், விலையும் அச்சுப் புத்தகத்தில் பாதிக்குக் கீழே இருந்தால். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: அமேசானின் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர்ந்துவிட்டால் அந்த ஒப்பந்தம் முடியும்வரை மின்நூலை வேறெங்கும் விற்க முடியாது, சொந்த இணையதளத்தில்கூட.