கூபேயா, கன்வெர்டிபிளா: அந்தக் கார் எப்படிப் பிறந்தது என்று பாருங்கள்

ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறவர்கள் எஞ்சின், கியர்பாக்ஸ், நிறம் வரை எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டு, கடைசியில் கூரையில் வந்து நிற்பார்கள். நிலையான கூரை கொண்ட கூபேதான் உண்மையான ஓட்டுநருக்கான கார் என்று ஒரு கட்சி சொல்லும். கூரை திறக்காத ஸ்போர்ட்ஸ் காரில் என்ன சுகம் என்று, கூரையைத் திறக்கக்கூடிய கன்வெர்டிபிளை விரும்பும் இன்னொரு கட்சி கேட்கும். பொதுப்படையாகப் பேசினால் இந்த வாதம் முடியவே முடியாது. என்னைக் கேட்டால், நீங்கள் வாங்க நினைக்கும் அந்தக் கார் முதலில் கூரையோடு வடிவமைக்கப்பட்டதா, இல்லை திறந்த காராகவே பிறந்ததா என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மூடி போட்ட அட்டைப்பெட்டியை இரண்டு கையாலும் முறுக்கிப் பாருங்கள், விறைப்பாக நிற்கும். மூடியை எடுத்துவிட்டால் வளைந்து கொடுக்கும். காருக்குக் கூரைதான் அந்த மூடி. கூபேயாகப் பிறந்த காரின் கூரையை வெட்டி எடுத்தால், அந்த இழப்பை ஈடுகட்டக் கதவுக்குக் கீழே உள்ள பக்கச் சட்டங்களையும் தரையையும் முன்கண்ணாடிச் சட்டத்தையும் வலுப்படுத்த வேண்டியிருக்கும். அதோடு கூரையை மடக்கும் மோட்டார்களும் சேரும். எல்லாமே எடைதான்.

அவ்வளவு செய்தும் சில கார்களில் நடுக்கம் போகாது. இதை 'ஸ்கட்டில் ஷேக்' என்பார்கள். ஷோரூம் வாசலில் இருக்கும் வழவழப்பான சாலையில் அது தெரியவே தெரியாது. டெஸ்ட் டிரைவில் கூரையைத் திறந்து வைத்து, மேடுபள்ளமான சாலையில் நிதானமாகப் போங்கள். உள்ளே இருக்கும் பின்நோக்குக் கண்ணாடியைக் கவனியுங்கள். பின்னால் வரும் வண்டியின் பிம்பம் தெளிவாக இல்லாமல் இரண்டு மூன்றாகத் துடித்தால், டேஷ்போர்டும் முன்கண்ணாடிச் சட்டமும் சேர்ந்து ஆடுகின்றன என்று அர்த்தம். அப்படிப்பட்ட காரில் யோசிக்கவே வேண்டாம், கூபேயை எடுங்கள்.

திறந்த காராகவே பிறந்தவற்றின் கதை வேறு. 1989-இல் வந்த மஸ்டா எம்எக்ஸ்-5, 1996-இல் வந்த லோட்டஸ் எலீஸ் இரண்டும் கூரை இல்லை என்று வைத்துக்கொண்டே வரையப்பட்டவை. எலீஸின் உயரமான பக்கச் சட்டத்தைத் தாண்டி உள்ளே இறங்குவது ஒரு உடற்பயிற்சி மாதிரி இருக்கும், ஆனால் காரின் விறைப்பே அங்கேதான் இருக்கிறது. எம்எக்ஸ்-5-இல் 2016-இல் ஆர்எஃப் என்று மடங்கும் உலோகக் கூரை வைத்த வடிவத்தைக் காட்டினார்கள். பார்க்க அழகுதான். ஆனால் துணிக்கூரைக் காரைவிட ஏறத்தாழ 50 கிலோ கூடுதல், கூரையைத் திறந்தால் பின்பக்கத் தூண்களில் காற்று மோதும் சத்தமும் உண்டு. துணிக்கூரையையோ சீட்டில் உட்கார்ந்தபடியே கொக்கியை விடுவித்து, ஒரு கையால் பின்னால் தள்ளிவிடலாம். எடை குறைவுதான் இந்தக் காரின் உயிர் என்பதால் எம்எக்ஸ்-5 என்றால் எனக்குத் துணிக்கூரைதான்.

போர்ஷேயில் இன்னும் சுவாரஸ்யம். பாக்ஸ்டர் 1996-இல் வந்தது, அதற்குக் கூரை போட்ட கேமன் 2005-இல்தான் வந்தது. மற்ற கார்களில் கூபேயை வெட்டித் திறப்பார்கள், இங்கே திறந்த காரை மூடினார்கள். அதனால் கேமன் மிக விறைப்பான கார், ஆனாலும் பாக்ஸ்டரில் எதுவும் குறைந்துவிடவில்லை. ரேஸ் டிராக்கில் நேரம் பார்த்து ஓட்டுகிறவர் கேமனை எடுக்கட்டும், பின்கதவைத் திறந்து சாமான் வைக்கும் வசதியும் அதில் கூடுதல். பொதுச் சாலையில் மட்டும் ஓட்டுகிறவருக்கு அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதே கடினம், அவர் பாக்ஸ்டர் பக்கம் போகலாம்.

கார்பன் ஃபைபர் கார்களில் இந்த வாதத்துக்கே இடமில்லை. மெக்லாரன் 720எஸ் ஸ்பைடர் அதன் கூபேயைவிட 49 கிலோதான் அதிகம், அதுவும் பெரும்பாலும் கூரையும் அதன் இயந்திரமும். விறைப்பைக் கீழே உள்ள, தொட்டி போன்ற கார்பன் அடிக்கூடு பார்த்துக்கொள்கிறது.

இரண்டுக்கும் நடுவில் நிற்கும் வடிவங்களில் போர்ஷே 911 டார்கா பிரபலம். 1965-இல் அறிமுகமானது, தலைக்கு மேலே உள்ள கூரை மட்டும் திறக்கும், தலைக்குப் பின்னால் நிலையான வளைவு இருக்கும். 2014-இல் வந்த டார்காவில் பின்கண்ணாடி முழுவதும் எழுந்து பின்னால் நகர்ந்து வழிவிடும். பார்க்க அற்புதம். ஆனால் 19 விநாடி ஆகும், கார் நின்றிருக்க வேண்டும், பின்னால் இடமும் வேண்டும். கன்வெர்டிபிளைவிட எடையும் கூடுதல். அழகுக்காக வாங்குகிறவர் தாராளமாக வாங்கலாம். கோர்வெட் சி8 இதைவிட நடைமுறையானது: கூபேயிலேயே கூரைப் பலகையைக் கழற்றி டிக்கியில் வைத்துக்கொள்ளலாம். கன்வெர்டிபிளில் பட்டனை அழுத்தினால் 16 விநாடியில் திறந்துவிடும், ஓட்டிக்கொண்டே செய்யலாம். சி8-இல் நான் கூபேயைத்தான் எடுப்பேன், வானமும் கிடைக்கிறது, இயந்திரச் சுமையும் இல்லை.

மடங்கும் உலோகக் கூரையை 1996-இல் மெர்சிடிஸ் எஸ்எல்கே பரவலாக்கியது. ஆனால் 2021-இல் வந்த எஸ்எல் காரில் அதே மெர்சிடிஸ் துணிக்குத் திரும்பி 21 கிலோ குறைத்தது. பிஎம்டபிள்யூ இசட்4-உம் 2018-இல் துணிக்கு மாறிவிட்டது. இன்றைய துணிக்கூரை பல அடுக்கு, பின்னால் உண்மையான கண்ணாடி. துணி என்றால் சத்தம், ஒழுகல் என்ற பழைய பயத்தை விட்டுவிடலாம்.

அப்புறம் வேகம். வேகமான கூபே ஒன்று தன் திறமையைக் காட்டத் தொடங்கும் இடத்தில் பொதுச் சாலையின் வேக வரம்பு எப்போதோ முடிந்திருக்கும். திறந்த காரில் மணிக்கு 60 கிலோமீட்டரிலேயே எஞ்சின் சத்தமும் மரங்களின் வாசனையும் உள்ளே வந்துவிடும். அதனால்தான் சாதாரணச் சாலைக்கு நான் கன்வெர்டிபிள் பக்கம் சாய்கிறேன். தினமும் நெடுஞ்சாலையில் நூறுக்கு மேல் போகிறவருக்கு இது பொருந்தாது, அந்த வேகத்தில் கூரையைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவரோடு பேசக்கூட முடியாது. டிராக் ஆசை இருந்தால் முதலில் அந்த டிராக்கின் விதிகளைப் படியுங்கள், ரோல் பார் (கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் கம்பி) இல்லாத திறந்த காரைப் பல இடங்களில் அனுமதிக்க மாட்டார்கள்.

செகண்ட் ஹேண்டில் கன்வெர்டிபிள் வாங்கினால் எஞ்சினைப் பார்ப்பதற்கு முன்பே நீர் வடியும் துளைகளைப் பாருங்கள். கூரை மடங்கும் பள்ளத்தில் விழும் மழைநீர் சிறு குழாய்கள் வழியாக வெளியேற வேண்டும். இலைக் குப்பை அடைத்துக்கொண்டால் அது சீட்டுக்குப் பின்னால் தேங்கி, கார்ப்பெட்டை ஊறவைத்து, வயரிங் வரை போகும். ஒரு குவளைத் தண்ணீரை மெதுவாக அந்தப் பள்ளத்தில் ஊற்றி, காருக்கு அடியில் சொட்டுகிறதா என்று குனிந்து பாருங்கள். சீட்டுக்குப் பின்னால் கார்ப்பெட்டை அழுத்திப் பார்த்து, கையில் ஈரம் ஒட்டினால் விலையைப் பேசுவதற்கு முன் ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வாருங்கள்.