போனையும் கம்ப்யூட்டரையும் ‘சிங்க்’ பண்ணித் தருகிறோம் என்று வந்தால் உஷார்!

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் மாடியில் இருக்கும் ஒரு மொபைல், கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. பெயர் வேண்டாம். அம்மாவின் போனில் இடம் நிரம்பி வாட்ஸ்அப்பே தடுமாறியது, போட்டோக்களை வீட்டு கம்ப்யூட்டருக்கு மாற்ற வேண்டும், கேட்டது அவ்வளவுதான். போனையும் கம்ப்யூட்டரையும் இணைத்து ‘சிங்க்’ பண்ணும் சாஃப்ட்வேர் போட ஆளை வீட்டுக்கே அனுப்புகிறோம், ஒரிஜினல் லைசென்ஸ், ஒரு வருஷத்துக்கு 4,800 ரூபாய் என்றார்கள்.

வந்த பையன் பவ்யமாகத்தான் இருந்தான். சாஃப்ட்வேரைப் போட்டுவிட்டு அம்மாவையே ஒரு போட்டோ எடுக்கச் சொன்னான், வயர்கூட இல்லை, கொஞ்ச நேரத்தில் அது கம்ப்யூட்டரில் வந்து நின்றது. “இனிமே கவலையே படாதீங்கம்மா, எல்லாம் இதுல பத்திரமா இருக்கும், போன்ல தாராளமா அழிச்சுக்கலாம்” என்றான். அம்மா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அங்கேயே ஸ்கேன் பண்ணி 4,800 அனுப்பினேன்.

அவன் சொன்னபடியே அம்மா போனில் அழித்தார். கம்ப்யூட்டரிலும் போய்விட்டது! தங்கை சீமந்தம், ஊர்த் திருவிழா, எதுவும் மிச்சமில்லை, ரீசைக்கிள் பின்னிலும் இல்லை. அவன் போட்டுக் கொடுத்தது இருபக்க சிங்க், ஒரு பக்கம் அழித்தால் மறுபக்கமும் அழியும். பேக்கப் என்பது, அதாவது தனியாக ஒரு காப்பி எடுத்து வைப்பது, வேறு சமாச்சாரம். இது தெரியாமலா வீடு வீடாகப் போய் இன்ஸ்டால் பண்ணுகிறார்கள்? அதோடு விட்டதா, அடுத்த மாதமே ‘ட்ரையல் முடிந்தது, பணம் கட்டவும்’ என்று திரையில் வருகிறது. அப்போ லைசென்ஸுக்கு என்று வாங்கிய 4,800 எங்கே போச்சு?

போன் பண்ணினால் “அது சாஃப்ட்வேர் கம்பெனி ப்ராப்ளம் சார்.” நேரில் போனால் ஓனர் திருப்பதி போயிருக்கிறார், அந்தப் பையன் வேலையை விட்டுவிட்டான். வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது, பதில் கிடையாது. கடைசியில் கவுன்டரில் இருந்தவர் கேட்டாரே ஒரு கேள்வி, “அழிச்சது உங்கம்மாதானே சார்?” பில்லை எடுத்துப் பார்த்தால் லைசென்ஸ் என்ற பேச்சே இல்லை, ‘சர்வீஸ் சார்ஜ் 4,800’ என்று ஒரே வரி.

விவரமாக டிப்ஸ் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. ஆண்ட்ராய்டு போன் என்றால் யூஎஸ்பி வயரைச் சொருகி ‘ஃபைல் டிரான்ஸ்ஃபர்’ தேர்ந்தெடுத்தாலே போட்டோக்களை காப்பி பண்ணலாம், பைசா செலவில்லை. காப்பி ஆனதைக் கம்ப்யூட்டரில் திறந்து பார்க்காமல் போனில் அழிக்காதீர்கள், இன்னொரு காப்பி பென்டிரைவிலும் இருக்கட்டும். யாராவது போனில் ‘யூஎஸ்பி டீபக்கிங்’ (வயர் வழியாகக் கம்ப்யூட்டர் போனுக்குள் புகுந்து வேலை செய்ய விடும் செட்டிங்) ஆன் பண்ணியிருந்தால் அவர் கிளம்பியதும் ஆஃப் பண்ணிவிடுங்கள். கான்டாக்ட் காணாமல் போனால், அது கூகுள் கணக்கில் இருந்த பட்சத்தில், கூகுள் கான்டாக்ட்ஸில் 30 நாள் வரை பின்னால் போய் மீட்கலாம், இந்தக் குளறுபடியில் காணாமல் போன அம்மாவின் நம்பர்களாவது அப்படித்தான் திரும்பி வந்தன. பில்லில் சாஃப்ட்வேர் பெயரும் லைசென்ஸ் காலமும் எழுதி வாங்காமல் காசு கொடுக்காதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்கு இப்போது கூப்பிடப் போகிறேன். இதே மாதிரி மாட்டியவர்கள் இருந்தால் கமென்டில் சொல்லுங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.