ரிட்டன் லோடுக்கு புக்கிங் ஆபீஸா, ஆப்பா?

சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும் வண்டிக்கு லோடு பிடிக்க, புரோக்கர் நடத்தும் புக்கிங் ஆபீஸா, போனில் லோடு காட்டும் ஆப்பா? நாமக்கல்லில் ஒன்றிரண்டு லாரி வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்பது இது. டீசலையும் புகையையும் வைத்தே பார்க்கிறேன்.

காலி ஓட்டம்: சென்னையில் சரக்கை இறக்கிவிட்டு 350 கி.மீ. வெறும் வண்டியாகத் திரும்பினால், லிட்டருக்கு 5 கி.மீ. என்றாலும் 70 லிட்டர் டீசல். ஒரு லிட்டர் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு. ஆக, ஒரு மூட்டைகூட ஏற்றாமல் ஏறக்குறைய 190 கிலோ! ஆபீஸில் அந்தப் புரோக்கருக்குத் தெரிந்த லோடு மட்டும்தான். ஆப்பில், தார்ப்பாய் அவிழ்க்கும்போதே சென்னைக்குப் பக்கத்து ஒரகடத்தில் என்ன லோடு நிற்கிறது என்று தெரிந்துவிடும். இதில் ஆப்தான் மேல்.

சுற்று: வாடகை கூட என்று ஆப்பைப் பார்த்து 80 கி.மீ. தள்ளிப் போய் ஏற்றினால், மிச்சம் பிடித்த டீசலில் ஒரு பகுதி அதிலேயே போய்விடும்.

பணம்: ஆபீஸில் கமிஷன் உண்டு, தகராறு என்றால் நேரில் பேச ஆளும் உண்டு. ஆப்பில் முகம் தெரியாத பார்ட்டி.

சரி, யாருக்கு எது? ஒரே ரூட்டில் போக வர லோடு உள்ளவருக்கு ஆபீஸே போதும். அவர் வண்டி காலியாக ஓடுவதில்லை. ஊர் மாறி ஊர் ஓடும் ஒற்றை வண்டிக்காரருக்கு ஆப், அதுவும் போகிற வழியிலேயே கிடைக்கும் லோடாகப் பார்த்து.