எட்டு மாதம் புழங்கிய பிறகு இன்ஸ்டா எப்படி

"இன்ஸ்டா நல்லா இருக்கு" என்று ஆபீஸில் சொன்னதும் பக்கத்து சீட் பையன் திரும்பிப் பார்த்து, "அண்ணா, நீங்களும் ரீல்ஸ் போட ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றான். இது அந்த இன்ஸ்டா இல்லை. ரஸ்ட் நிரல்மொழியில் எழுதுகிறவர்களுக்கான ஸ்னாப்ஷாட் டெஸ்டிங் லைப்ரரி, அதாவது நிரல் தரும் விடையைப் படம் பிடித்து வைத்து அடுத்த முறை அதோடு ஒப்பிடுவது. பைத்தான் உலகத்துக்கு ஃபிளாஸ்க் என்ற வெப் ஃபிரேம்வொர்க்கைத் தந்த ஆர்மின் ரோனாக்கர் செய்தது. அப்பாச்சி 2.0 உரிமம், காசு கிடையாது. பெயர் வைத்த விதத்துக்கு மட்டும் அரை மார்க் குறைக்கலாம்: கூகுளில் தேடிப் பாருங்கள், நான் எதைச் சொல்கிறேன் என்று புரியும்.

எட்டு மாதமாக, இரவு பத்து மணிக்கு மேல், தமிழ்ச் சொற்களை வைத்து ஒரு சின்ன நிரல்மொழி எழுதிக்கொண்டிருக்கிறேன். முத்து அண்ணாமலையின் 'எழில்' போல உருப்படியாகப் பிறர் பயன்படுத்தும் மொழி இல்லை. என் சொந்தப் பைத்தியம். பெயர்கூட வைக்கவில்லை, ஃபோல்டரின் பெயர் 'மொழி2'. மொழி1 என்ன ஆனது என்று கேட்காதீர்கள். சரி, கேட்டாலும் சொல்கிறேன்: டெஸ்ட் எழுதாததால் செத்தது. ஒரு இடத்தைத் தொட்டால் எங்கே உடைகிறது என்று தெரியாமல் மூன்றாவது மாதத்தில் கைவிட்டேன்.

ஒரு வரி நிரல் ஓடுவதற்குள் பல கை மாறுகிறது. முதலில் எழுத்துகளை டோக்கன்களாக, அதாவது சொல், எண், குறி என்ற துண்டுகளாக வெட்ட வேண்டும், அப்புறம் பார்ஸர் அவற்றை மரமாக அடுக்கும், பெயர்கள் எங்கே அறிவிக்கப்பட்டவை என்று ஒரு கட்டம் சரிபார்க்கும், அதற்கடுத்தது பைட்கோடு என்ற குட்டிக் குட்டிக் கட்டளைகளாக மாற்றும், கடைசியில் வி.எம். (விர்ச்சுவல் மெஷின்) அதை ஓட்டும். மொழி1-இல் நான் கடைசி விடையை மட்டும்தான் பார்த்தேன். 14 வர வேண்டிய இடத்தில் 20 வந்தால், தப்பு ஐந்து கட்டங்களில் எதில் என்று தேடவே ஒரு ராத்திரி போகும். ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிர்பார்க்கும் விடையைக் கையால் டைப் அடித்து டெஸ்ட் எழுதலாம்தான். நாற்பது டோக்கன் உள்ள ஒரு லிஸ்டை ஒருமுறை டைப் அடித்துப் பாருங்கள், இரண்டாவது முறை அடிக்க மாட்டீர்கள்.

இன்ஸ்டா அந்த வேலையைத் தலைகீழாக்குகிறது. எதிர்பார்ப்பை நாம் எழுதுவதில்லை. நம் நிரல் தருவதை அது ஒரு ஃபைலில் எழுதிவைக்கிறது, "இது சரியா?" என்று கேட்கிறது. சரி என்றால் அதுவே அடுத்த முறைக்கான விடைத்தாள். டெஸ்ட் ஃபைலுக்குப் பக்கத்தில் ஸ்னாப்ஷாட்ஸ் என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் 'ஸ்னாப்' என்று முடியும் ஃபைல்கள். மாற்றம் வந்தால் பழையதைத் தொடாமல், பெயரின் கடைசியில் 'நியூ' சேர்த்துப் பக்கத்திலேயே இன்னொன்று. டெர்மினலில் 'கார்கோ இன்ஸ்டா ரிவ்யூ' (கார்கோ என்பது ரஸ்டின் கட்டுமானக் கருவி) என்று அடித்தால் ஒவ்வொன்றாகக் காட்டும், பழையது சிவப்பு, புதியது பச்சை. ஏ அடித்தால் ஏற்பு, ஆர் அடித்தால் நிராகரிப்பு, எஸ் அடித்தால் அப்புறம் பார்க்கலாம். இந்த ரிவ்யூ கருவியைத் தனியாக நிறுவ வேண்டும், லைப்ரரியைச் சேர்த்தால் மட்டும் வராது. முதல் நாள் அரை மணி நேரம் எனக்கு இதில் போனது.

என் அமைப்பு எளிது. ஒரு ஃபோல்டரில் குட்டிக் குட்டி நிரல்கள். இன்ஸ்டாவில் உள்ள குளோப் என்ற மேக்ரோ அந்த ஃபோல்டரில் இருக்கும் ஒவ்வொரு ஃபைலையும் எடுத்து டெஸ்டுக்குள் அனுப்பும். ஒன்று தோற்றாலும் மற்றதை நிறுத்தாமல் எல்லாவற்றையும் ஓட்டிவிட்டுத்தான் தோல்வி சொல்லும். ஒரு புது நிரலைப் போட்டால் ஐந்து கட்டத்துக்கும் ஐந்து ஸ்னாப்ஷாட் தானாகப் பிறக்கும். இந்த வரியைப் பாருங்கள்:

```
மாறி மொத்தம் = 2 + 3 * 4;
```

இதற்கு டோக்கன் கட்டத்தில் நான் முதன்முதலில் பார்த்த ஸ்னாப்ஷாட்டின் தொடக்கம் இது (இடப்பக்க எண்கள், ஒவ்வொரு துண்டும் எந்த பைட்டில் தொடங்கி எதில் முடிகிறது என்பது):

```
0..12   சொல்      மாறி
13..22  பெயர்     மொத
22..25  தெரியாது   ்
25..31  பெயர்     தம
31..34  தெரியாது   ்
```

புள்ளி தனியாகக் கழன்று நிற்கிறது. ஒரு எழுத்து பெயரில் வரலாமா என்று பார்க்க, ரஸ்டில் இருக்கும் 'இது அகரவரிசை எழுத்தா' என்ற ஃபங்ஷனைப் போட்டிருந்தேன். யூனிகோடு கணக்கில் கால், கொம்பு, சுழி எல்லாம் அந்த வகையில் சேரும். புள்ளி மட்டும் சேராது. அதுவரை நான் எழுதிய நிரல்களில் மாறி, எழுது, விலை, கூலி, இவ்வளவுதான். ஒன்றிலும் புள்ளி இல்லை! தமிழில் மெய்யெழுத்தே இல்லாமல் இரண்டு வாரம் ஓட்டியிருக்கிறேன். கடைசி விடையை மட்டும் பார்த்திருந்தால் 'வரி 1-இல் பிழை' என்று மட்டும் தெரிந்திருக்கும், நான் பார்ஸரைக் குடைந்துகொண்டிருப்பேன். டோக்கன் ஸ்னாப்ஷாட்டில் ஒரே பார்வையில் தெரிந்தது. பெயர்களுக்கென்றே யூனிகோடு வைத்திருக்கும் தனி வகைப்பாட்டுக்கு மாறினேன், அதில் புள்ளிக்கு இடம் உண்டு. 13..34, பெயர், மொத்தம். ஏழு குறியீடு, குறியீட்டுக்கு மூன்று பைட், ஆக 21. கணக்கு சரி.

எந்த வடிவத்தில் ஸ்னாப்ஷாட் எடுப்பது என்பது தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு தனித் தலைவலி. இன்ஸ்டாவில் பல வடிவம் உண்டு: சும்மா ஸ்ட்ரிங், ரஸ்டின் டீபக் வடிவம் (பிழை தேடும்போது பார்க்க ரஸ்ட் தானே தரும் அச்சு), யாமல், ஜேசான். டீபக் வடிவத்துக்கு ஒரு வேலையும் செய்ய வேண்டாம், ஒரு வரியில் முடிந்துவிடும். ஆனால் ரஸ்டின் டீபக் வடிவம் எழுத்தோடு ஒட்டும் குறிகள் பலவற்றை அப்படியே காட்டாமல் யூனிகோடு எண்ணாக எழுதிவிடுகிறது. மொத்தம் என்ற சொல்லுக்கு நடுவே இரண்டு இடத்தில் அடைப்புக்குறியும் எண்ணும். இன்ஸ்டா மேல் குற்றமில்லை, ரஸ்டின் பழக்கம் அது. படிக்க முடியாத ஸ்னாப்ஷாட்டை யாரும் படிக்க மாட்டார்கள். அதனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் சொந்தமாக ஒரு அச்சு வடிவம் எழுதினேன். மேலே பார்த்தது அதுதான். எழுத ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு விலையும் கொடுத்தேன். ஒரு நாள் பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றி வைத்திருந்த ஃபைல் ஒன்றிலிருந்து 'மொத்தம்' வரும் வரியைக் காப்பி எடுத்து ஒரு டெஸ்ட் நிரலில் ஒட்டினேன். ஓட்டினால், 'மொத்தம் என்ற பெயர் அறிவிக்கப்படவில்லை'. மேல் வரியிலேயே அறிவித்திருக்கிறது, கண்ணுக்கு முன்னால். மரத்தின் ஸ்னாப்ஷாட்டில் ஒரு சிவப்பு வரி, ஒரு பச்சை வரி, இரண்டும் அச்சு அசல் ஒன்று. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் பார்த்தேன். டோக்கன் கட்டத்துக்குப் போனால் 13..34 என்று இருந்தது 13..37 ஆகியிருந்தது. மூன்று பைட் கூடுதல். 'மொ'வின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலும் என்று இரண்டாகவும் எழுதலாம்; திரையில் வித்தியாசம் தெரியாது. பெயர்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் யூனிகோடு நார்மலைசேஷன் சேர்த்ததும் தீர்ந்தது. பழைய அசிங்கமான டீபக் வடிவத்தை விட்டுவைத்திருந்தால் அந்தக் காலும் எண்ணாகத் துருத்திக்கொண்டு நின்றிருக்கும், முதல் நிமிடத்திலேயே பிடித்திருப்பேன். பைட் கணக்கை டோக்கன் வடிவத்தில் போட்டு வைத்தது என் புத்திசாலித்தனம் இல்லை, பிழைச்செய்தியில் அடிக்கோடு போட வேண்டும் என்பதற்காக.

இன்ஸ்டாவின் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது, மாறிலிகளை முன்கூட்டியே கணக்கிடும் வேலையைச் சேர்த்தபோது. அதாவது 2 + 3 * 4 என்பதை ஓடும்போது கணக்கிடாமல், பைட்கோடு ஆக்கும்போதே 14 என்று போட்டுவிடுவது. முன்பு:

```
மாறிலி 2
மாறிலி 3
மாறிலி 4
பெருக்கு
கூட்டு
வை மொத்தம்
```

பிறகு:

```
மாறிலி 14
வை மொத்தம்
```

அன்று பைட்கோடு கட்டத்தில் 43 ஸ்னாப்ஷாட் மாறின. டோக்கன், மரம், பெயர் கட்டங்களில் பூஜ்யம், ஓட்டிய விடையிலும் பூஜ்யம். எது மாற வேண்டுமோ அது மாறியிருக்கிறது, எது மாறக் கூடாதோ அது அசையவில்லை. 43 மாற்றத்தை விட அந்த நான்கு பூஜ்யங்களைப் பார்த்துத்தான் நிம்மதியாகத் தூங்கினேன். கட்டத்துக்கு ஒன்றாக எடுக்காமல் கடைசியில் மட்டும் எடுத்திருந்தால் என் மாற்றம் வேலை செய்கிறதா என்றே தெரிந்திருக்காது. விடை முன்பும் 14, இப்போதும் 14.

இனி குறைகள். பெரிய குறை ஒன்றுதான், அது ஏ என்ற பட்டன். ஏற்பது அவ்வளவு சுலபம். எல்லாவற்றையும் ஒரே அடியில் ஏற்கவும் ஒரு கட்டளை உண்டு. ஒரு வெள்ளிக்கிழமை இரவு மரத்தின் அச்சு வடிவத்தில் வரி எண் சேர்த்தேன், அதே கையோடு பார்ஸரில் கழித்தல் வரும் இடத்தையும் திருத்தினேன். இரண்டையும் ஒன்றாகச் செய்தது என் முட்டாள்தனம். 61 மாற்றம் வந்து நின்றது. முதல் ஏழெட்டைப் பார்த்தேன், எல்லாம் வரி எண்தான். மொத்தமாக ஏற்றுவிட்டுப் படுத்தேன். மூன்று வாரம் கழித்து, நூறு ரூபாய் கொடுத்து 60 ரூபாய்க்குத் தக்காளியும் 15 ரூபாய்க்குக் கொத்தமல்லியும் வாங்கினால் மீதி எவ்வளவு என்று மகளுக்கு ஒரு நிரல் எழுதிக் காட்டினேன். 100 - 60 - 15. விடை 55. "அப்பா, உங்க கடையில மீதி ஜாஸ்தியா தர்றாங்க" என்றாள்.

போய்த் தோண்டினால், (கழி (கழி 10 3) 2) என்று இருந்த ஸ்னாப்ஷாட் (கழி 10 (கழி 3 2)) ஆகியிருக்கிறது. ஓட்டிய விடையில் 5 என்பது 9. கருவி தன் வேலையைச் செய்திருக்கிறது. சிவப்பிலும் பச்சையிலும் காட்டியிருக்கிறது, நான் பார்க்கவில்லை. அதைவிட மோசம், தப்பான விடை அதற்குப் பிறகு விடைத்தாளாக உட்கார்ந்துவிட்டது. சரியாகத் திருத்தினால்தான் டெஸ்ட் தோற்கும். இப்போது கட்டத்துக்கு ஒரு டெஸ்டாகப் பிரித்து, ஓட்டிய விடையைத்தான் முதலில் தனியாகப் பார்க்கிறேன். அதில் ஒரு வரி மாறியிருந்தாலும் மற்றதைத் திறப்பதில்லை.

சின்னக் குறைகள் சில. பெயர்ப் பட்டியலை வரிசைக்கு உத்தரவாதம் தராத ஹாஷ்மேப்பில் வைத்து அப்படியே அச்சடித்தால் ஒவ்வொரு ஓட்டத்திலும் வரிசை மாறும், டெஸ்ட் காரணமில்லாமல் தோற்கும், வரிசையாகவே வைக்கும் பிட்ரீமேப்புக்கு மாறிவிடுங்கள். பெரிய ஸ்னாப்ஷாட் என்றால் வித்தியாசம் காட்டுவது மந்தம், ஆனால் கார்கோ அமைப்பு ஃபைலில் இன்ஸ்டாவை ஆப்டிமைஸ் செய்யச் சொன்னால் சரியாகிவிடும், அதை அவர்களின் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். ஏற்காமல் விட்ட 'நியூ' ஃபைல்களை நான் இருமுறை தெரியாமல் கிட்டில் ஏற்றியிருக்கிறேன், கிட் தொடக் கூடாத ஃபைல்களின் பட்டியலான கிட்இக்னோரில் முதல் நாளே போட்டுவிடுங்கள். தனி ஃபைல் வேண்டாம் என்றால் ஸ்னாப்ஷாட்டை டெஸ்ட் நிரலுக்குள்ளேயே எழுதிவைக்கும் வசதியும் உண்டு. ஐந்து டோக்கனுக்கு அது அருமை, ஐம்பது வரி பைட்கோடுக்கு ஃபைல் கண்றாவி ஆகிவிடும். நிரலை ஏற்றியதும் டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் சி.ஐ. சர்வரில் இன்ஸ்டா புது ஸ்னாப்ஷாட் எழுதாது, தோல்வி என்று மட்டும் சொல்லும். இது குறை இல்லை, நல்ல புத்தி.

மாற்று இல்லையா என்றால் உண்டு. ரஸ்ட் கம்பைலரே தன் பிழைச்செய்திகளை இப்படித்தான் ஃபைலில் வைத்து ஒப்பிடுகிறது, புது விடையை ஏற்கும் கட்டளைக்கு அங்கே பெயர் 'பிளெஸ்', ஆசீர்வாதம்! எடிட்டர்களுக்கு ரஸ்டைப் புரியவைக்கும் ரஸ்ட் அனலைசர்காரர்கள் எக்ஸ்பெக்ட் டெஸ்ட் என்ற சின்ன லைப்ரரியை வைத்திருக்கிறார்கள், இன்ஸ்டாவை விட மெலிசு. கம்பைலர் கட்ட உதவும் எல்.எல்.வி.எம். திட்டக்காரர்களின் ஃபைல்செக் வேறு வழி: முழு விடையையும் ஒப்பிடாது, முக்கியமான வரிகள் வந்தனவா என்று மட்டும் பார்க்கும். சம்பந்தமில்லாத மாற்றத்துக்கு 61 ஸ்னாப்ஷாட் சிவக்கும் தொல்லை அதில் குறைவு, எந்த வரி முக்கியம் என்று நாமே எழுத வேண்டிய வேலை கூடுதல். தனி ஆளாக ராத்திரியில் எழுதுகிறவனுக்கு இன்ஸ்டாதான் தோது. பைத்தான் நிரலில் குறை கண்டுபிடிக்கும் லின்டரான ரஃப் இதைத்தான் பயன்படுத்துகிறது, ஆகப் பெரிய திட்டத்துக்கும் தாங்கும்.

ஐந்துக்கு நாலரை. அந்த அரை மார்க் பெயருக்குத்தான். வெள்ளிக்கிழமை 61-க்கு மார்க் குறைக்க வேண்டுமானால் எனக்குக் குறைக்க வேண்டும். நேற்று பூஜ்யத்தால் வகுக்கும் ஒரு டெஸ்ட் நிரலைச் சேர்த்தேன், முன்கூட்டிக் கணக்கிடும் கட்டமே 10 / 0-ஐக் கணக்கிடப் போய் மூக்குடைந்து விழுந்தது. அதற்கான பிழைச்செய்தியின் ஸ்னாப்ஷாட் இன்னும் ஏற்காமல் காத்திருக்கிறது. அடிக்கோடு ஒரு எழுத்து தள்ளி விழுகிறது.