பழைய கொட்டிலை வீடாக்க நினைப்பவர்களே, கவனம்: எங்கள் 14 இலட்சத்து 60 ஆயிரம் ரூபா போய்விட்டது

14 இலட்சத்து 60 ஆயிரம் ரூபாவை வாங்கிக்கொண்டு, கொட்டிலின் கூரையையும் கழற்றி ஏற்றிக்கொண்டு, மாரி தொடங்கும் நேரத்தில் எங்களைக் கைவிட்டுப் போய்விட்டார்கள். யாழ்ப்பாண நகரில் கண்ணாடிக் கதவு போட்ட அலுவலகமும் முகநூலில் அழகழகான படங்களும் வைத்துக்கொண்டு, பழைய கட்டடங்களைத் திருத்திக் கொடுக்கும் நிறுவனம் அது. முறைப்பாடு கொடுத்திருப்பதால் பெயரை எழுதவில்லை. இதே ஆட்கள் வலிகாமம் பக்கம் இன்னும் வளவு வளவாக ஏறி இறங்கி அளவெடுக்கிறார்கள் என்று இன்று காலை கேள்விப்பட்டேன். அதனால்தான் இதை உடனே எழுதுகிறேன்.

கொட்டில் அப்பப்பா கட்டியது. புகையிலையைத் தூக்கிக் கட்டிப் புகை போட்ட இடம். சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிய கல்சுவர், வைரம் பாய்ந்த பனைமரக் கூரை, அதன் மேல் ஓடு. 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு திரும்பி வந்தபோது பெரிய வீடு தரைமட்டமாகிக் கிடந்தது. கொட்டில் மட்டும் நின்றது. அதை இரண்டு அறையும் குசினியும் உள்ள சின்ன வீடாக்கி அம்மாவைக் குடியிருத்த வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை. தம்பி வெளிநாட்டில் இரவு வேலை செய்து அனுப்பிய காசும், என் ஆசிரியச் சம்பளத்தில் சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசும்தான் முதல்.

அளவெடுக்க வந்தவர் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். சுவரில் ஓரிடத்தில் சாந்தை நகத்தால் சுரண்டி, உள்ளங்கையில் வைத்து அம்மாவுக்குக் காட்டினார். “இது சுண்ணாம்பு, அம்மா. இதற்கு மேல் சீமெந்து பூசினால் சுவருக்குள் இருக்கிற ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்து உதிரும். நாங்கள் சுண்ணாம்பிலேயே பூசித் தருவோம்” என்றார். பிறகு கூரையைத் தாங்கும் தீராந்தியை விரல் முட்டியால் தட்டிக் கேட்டுவிட்டு, “புகை ஏறிய மரம். இன்னும் இரண்டு தலைமுறைக்குப் போதும்” என்றார். வேலை தெரிந்தவர்தான் அப்படிப் பேசுவார். சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. அம்மா எழும்பிப் போய்த் தேநீர் ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த அறிவையே தூண்டிலாகப் போட்டார்களே என்பதுதான் இன்றைக்கும் நெஞ்சை எரிக்கிறது.

மதிப்பீடு மொத்தம் 31 இலட்சம் என்று ஒரே தாளில் வந்தது. “கூரைத் திருத்தம்” என்று ஒரு தொகை, “சுவர் வேலை” என்று ஒரு தொகை, அவ்வளவுதான். எத்தனை கியூப் மணல், எத்தனை மூட்டை சீமெந்து, எத்தனை அடி மரம் என்று பிரித்துத் தரக் கேட்டேன். “அக்கா, பழைய கட்டடத்துக்கு அப்படி எழுத முடியாது. திறந்து பார்த்தால்தான் தெரியும்” என்றார்கள். இது பச்சைப் பொய். பிறகு அந்தத் தாளைப் பார்த்த, கட்டட வேலையின் அளவையும் செலவையும் கணக்கிடும் கணிய அளவையாளர் ஒருவர் சொன்னார்: தெரிந்த வேலையை அளவோடும் விலையோடும் எழுத வேண்டும், திறந்து பார்த்தால்தான் தெரியும் என்பதற்குத் தனியாக ஒரு கையிருப்புத் தொகை ஒதுக்க வேண்டும். கொட்டிலை வீடாக்கும்போது பெரும்பணம் தின்பவை எதுவுமே அந்தத் தாளில் இல்லை என்றும் அவர்தான் காட்டினார். முற்றத்து மட்டத்தில் கிடக்கிற தரையை உயர்த்தாவிட்டால் மாரி வெள்ளம் உள்ளே வரும். உள்ளே எழுப்பும் புதுச் சுவர்களுக்கு அத்திவாரம் வேண்டும். மின்சார இணைப்பும் புதிதாக எடுக்க வேண்டும். மலக்குழி எல்லாவற்றிலும் பெரிது. எங்கள் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகள் வழியாக அழுக்குநீர் நேரே கிணற்றுக்குப் போய்விடும். ஒழுகாத தொட்டி கட்ட வேண்டும், அதற்குக் கணிசமான செலவு. இவற்றையெல்லாம் பிறகு “மேலதிக வேலை” என்று நம் தலையில் கட்டுவதற்காகவே விட்டுவைக்கிறார்கள்.

ஒப்பந்தத்தன்று 9 இலட்சம், கூரை கழற்றும்போது 5 இலட்சத்து 60 ஆயிரம். ஓடுகளைக் கழுவ வேண்டும், மரங்களுக்குக் கறையான் மருந்து அடிக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் லொறியில் ஏற்றினார்கள். அடுத்த கிழமை மேசன்மார் வந்து உட்சுவரில் பூசத் தொடங்கினார்கள். போய்ப் பார்த்தால் சீமெந்து! “எங்களுக்குத் தந்தது இதுதான் அக்கா” என்றார் மேசன். அவருக்கும் கூலி பாக்கியாம், பாவம்.

அதன் பிறகு யாரும் வரவில்லை. தொலைபேசியில் கேட்டால் “நாளைக்கு வருகிறோம்.” பிறகு “மரக்காலையில் தாமதம்.” பிறகு “மழை விடட்டும் அக்கா.” கூரையைக் கழற்றியவர்களே மழை விடட்டும் என்கிறார்கள்! அலுவலகத்துக்குப் போனால் முன்னால் இருந்த பிள்ளை தண்ணீர்ப் போத்தலை நீட்டி, “சேர் கொழும்புக்குப் போய்விட்டார்” என்றது. உள்ளறையில் அவர் பேசும் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஒருவழியாகப் பிடித்து நிறுத்தி மரங்களைக் கேட்டபோது, “திருப்பித் தருவதாக ஒப்பந்தத்தில் இல்லையே. இன்னும் 6 இலட்சம் கட்டினால் வேலையைத் தொடங்கலாம்” என்றார். வைரமான பழைய பனைமரத்துக்கும் பழைய ஓட்டுக்கும் இன்று என்ன விலை என்று அவருக்குத் தெரியும். 14 இலட்சத்து 60 ஆயிரம் கையில் கொடுத்த காசு மட்டும்தான். அப்பப்பாவின் கூரை அந்தக் கணக்கில் இல்லை.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன். பொலிஸ் நிலையத்துக்குப் போக வேண்டியிருப்பதால் இப்போதைக்கு இவ்வளவுதான். அளவும் விலையும் பிரித்து எழுதாத மதிப்பீட்டில் கையெழுத்து வைக்காதீர்கள். முடிந்த வேலைக்கு மட்டும் காசு கொடுங்கள். கழற்றுகிற ஓடும் மரமும் வளவை விட்டு வெளியே போகவே கூடாது, எண்ணிப் படமெடுத்து வையுங்கள். ஆவணிக்குப் பிறகு யார் சொன்னாலும் கூரையில் கைவைக்க விடாதீர்கள்.

இதே ஆட்களிடம் ஏமாந்தவர்கள் இருந்தால் பற்றுச்சீட்டுகளோடு எனக்கு எழுதுங்கள். ஒன்றாகப் போய் முறைப்பாடு கொடுப்போம்.