யார்க் ஊர்ப்பெயர்ச் சுவர்ப்படம்: வாங்கலாம், பன்றியை மட்டும் இடம் மாற்றுங்கள்

இராமநாதபுரம் கடைகளில் பள்ளிகளுக்கென்று விற்கும் இந்தப் படம், இங்கிலாந்தின் யார்க் நகரம் பழைய எபொராக்கும் என்ற பெயரிலிருந்து உருவான வழியைக் காட்டுகிறது. எழுத்து பெரிது, கடைசி பெஞ்சுக்கும் தெரியும். கி.பி. 71-இல் ரோமர்கள் கோட்டை கட்டியது, 866-இல் வைக்கிங்குகள் ஊரைப் பிடித்தது இரண்டும் சரி.

பிழை பொருள் கட்டத்தில் இருக்கிறது. எபொராக்கும் என்பதற்கு நேரே ‘காட்டுப்பன்றி ஊர்’ என்று அச்சாகியிருக்கிறது. அது அடுத்த வரியில் வரும் எயோஃபோர்விக் என்ற பெயருக்கு உரியது. பின்னால் குடியேறிய ஆங்கிலர்களுக்கு அந்தப் பெயரின் பொருள் தெரியாது. காதில் விழுந்த ஒலி தங்கள் மொழியில் பன்றியைக் குறிக்கும் ‘எயோஃபோர்’ போல இருக்கவே, எயோஃபோர்விக் ஆக்கிவிட்டார்கள். வைக்கிங்குகள் வாயில் அது யோர்விக். தேய்ந்து தேய்ந்து யார்க்.

வகுப்பில் பின்னாலிருந்து பிரித்துக் காட்டுங்கள். ‘உம்’ லத்தீன் விகுதி, முதலில் கழற்றுங்கள். ‘ஆக்’ என்பது ‘உரியது, சார்ந்தது’ எனப் பொருள்தரும் கெல்டிக் (ஐரிஷ், வேல்ஷ் அடங்கிய மொழிக்குடும்பம்) ஒட்டு. மிஞ்சும் ‘எபொர்’, அதாவது ‘எபுர்’தான் வேர். பழைய ஐரிஷில் ‘இபர்’ என்றால் யூ மரம், ஐரோப்பாவில் வளரும் ஒரு பசுமைமாறா மரம். வேல்ஷ் மொழியின் ‘எவுர்’ வேறொரு செடி. எபுரோஸ் என்ற ஆள்பெயராகவும் இருக்கலாம். அதனால் ‘யூ மரங்கள் உள்ள இடம்’ என்பதைப் பலரும் ஏற்கும் விளக்கம் என்றே சொல்லவேண்டும், முடிந்த முடிவாக அல்ல. வேல்ஷ்காரர்கள் இன்றும் யார்க்கை எவ்ரோக் என்கிறார்கள். பன்றி நுழையாத அந்த வடிவத்தைப் படம் விட்டுவிட்டது பெரிய குறை.

கீழே தனுஷ்கோடியை ஒப்பிட்டிருப்பது அருமை. அகநானூறு 70-ஆம் பாட்டில் ‘தொன்முது கோடி’ என்றுதான் இருக்கிறது; பழைய கிரேக்கப் புவியியலாளர் தாலமி குறித்த ‘கோரி’ முனையையும் இதனோடு பொருத்துகிறார்கள். இரண்டிலும் தனுஷ் இல்லை. தெருக்கோடி என்கிறோமே, அதே கோடி. பொருள் புரிந்துகொண்டே இருந்ததால் அந்தச் சொல் சிதையவில்லை, முன்னால்தான் ஒன்று சேர்ந்தது.

மண்டபம், பாம்பன் பக்கம் மாட்டுகிறவர்கள் மேலே உள்ள இரும்பு வளையங்களைப் பித்தளைக்கு மாற்றிவிடுங்கள். உப்புக்காற்றில் துரு இறங்கி முதல் வரியையே கறையாக்கும். லேமினேஷன் ஓரம் பிரிந்தால் ஈரம் உள்ளே போய் மை ஊறும்; நாலு பக்கமும் டேப் ஒட்டுங்கள். ஒட்டுமுன் பன்றிக் கட்டத்தின்மேல் ஒரு வெள்ளைத் துண்டு: ‘யூ மரங்கள் உள்ள இடம் (பலர் கருத்து)’.