தவிலும் அம்மாவின் குரலும்: மூன்று அசல் இயர்போன்கள், ஒரு போலி

அக்கா மகன் அந்த இயர்போனை என் கையில் வைத்தபோது அவன் முகமெல்லாம் பூரிப்பு. ஷூர் எஸ்இ846. 2013இல் வெளிவந்தபோது அதன் விலை 999 டாலர். அவன் சென்னைப் பாரிமுனைப் பக்கம் அறிமுகமான ஒருவரிடம் 7,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தான். "வெளிநாட்டுச் சரக்கு மாமா, பெட்டி பிரிக்காதது. கேட்டுப் பாருங்கள்" என்றான். காதில் மாட்டி ஒரு நிமிடம் கேட்டேன். நன்றாகவே இருந்தது. அப்படியே சொல்லியும் விட்டேன்.

அன்றிரவு அந்த வார்த்தை என்னை உறுத்தியது. தண்டையார்பேட்டையில் அப்பா மைக் செட் நடத்திய வீடு எங்களுடையது. ஆம்பிளிஃபயருக்கும் கூம்பு ஒலிபெருக்கிக்கும் நடுவே வளர்ந்தவன் நான். ஒரே நிமிடத்தில், அதுவும் அலைபேசியில் ஓடிய ஏதோ ஒரு பாட்டை வைத்து, இன்னொருவன் பணத்துக்கு நான் எப்படி உத்தரவாதம் தந்தேன்? சரியாகக் கேட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தேன். என்னிடம் எடிமோட்டிக் ஈஆர்4எஸ்ஆர் (சுருக்கமாக ஈஆர்4) இருக்கிறது. நண்பர் ஒருவரிடமிருந்து சென்ஹைசர் ஐஇ 600 கிடைத்தது. ராயபுரத்தில் தேவாலயப் பாடற்குழுவுக்குக் கீபோர்டு வாசிக்கும் இன்னொரு நண்பர், பல வருடங்களாகப் பயன்படுத்தும் அசல் எஸ்இ846ஐ இரவல் தந்தார். முறையான பில்லோடு வாங்கியது அது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள், நான்கு இயர்போன்கள்.

எதைக் கேட்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். ஸ்டூடியோவில் மெருகேற்றிய பாட்டின் மூல ஒலி நமக்குத் தெரியாது. அதில் பேஸ், அதாவது கீழ்ஒலி, அதிகமாக வந்தால் அது இயர்போனின் வேலையா, கலவை செய்தவரின் வேலையா என்று சொல்ல வழியில்லை. அதனால் நேரில் கேட்ட ஒலிகளையே எடுத்துக்கொண்டேன். ஒன்று, திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலில் நாதஸ்வரக் கோஷ்டிக்குப் பத்தடி தள்ளி நின்று நானே பதிவு செய்தது. (திரிபுரசுந்தரி என்றும் பெயர் பெற்ற இந்த அம்மன் மீதுதான் சங்கீத மேதை தியாகராஜர் பஞ்சரத்தினம் பாடினார்.) இரண்டாவது, தெரிந்தவர் வீட்டுக் கூடத்தில் பதிவு செய்த தனி மிருதங்கம். மூன்றாவது, என் அம்மாவின் குரல். காசிமேட்டில் வாங்கி வந்த நெத்திலியை ஆய்ந்துகொண்டே பக்கத்து வீட்டு அக்காவிடம் விலைவாசியைப் பற்றிப் பேசுகிறார், நான்கு நிமிடம். பிறந்தது முதல் கேட்ட குரல். எந்த இயர்போன் அதில் கை வைத்தாலும் எனக்குத் தெரிந்துவிடும்.

அடுத்தது ஒலியளவு. இரண்டு கருவிகளில் எது கொஞ்சம் கூடுதல் சத்தமோ, அதுதான் தெளிவானது, ஆழமானது என்று மூளை நம்பிவிடும். ஒரு டெசிபல் வித்தியாசம் போதும். காதுக்குச் சத்தம் கூடியதாகத் தெரியாது, தரம் கூடியதாகத் தெரியும். குறைந்த சத்தத்தில் கீழ்ஒலிகள் நம் காதுக்குக் குறைவாகவே எட்டும் என்பதை 1933இலேயே ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் அளந்து காட்டிவிட்டார்கள். மாப்பிள்ளையின் (அக்கா மகனை நான் அப்படித்தான் அழைப்பேன்) இயர்போன் என்னை ஏமாற்றியதில் பாதி இதுதான். என் அலைபேசியில் அதே அளவில் வைத்தால் ஈஆர்4ஐவிட அது மிகச் சத்தமாக ஒலித்தது. 711 வகைக் காதுக்குழாய் மைக் ஒன்று, அதாவது மனிதக் காதுக்குழாயைப் போல அமைத்த அளவுக் கருவி, என்னிடம் உண்டு. அதில் ஒவ்வொன்றையும் சொருகி 1,000 ஹெர்ட்ஸில் நான்கையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தேன். அந்த மைக்கில் 8,000 ஹெர்ட்ஸ் பக்கம் எழும் மேட்டை நம்பக் கூடாது. எவ்வளவு ஆழமாகச் சொருகுகிறோமோ அதைப் பொறுத்து அது நகரும். அளவு சமன் செய்ய மட்டும் பயன்படுத்தினால் போதும்.

காதுரப்பர் சரியாக அடைக்காவிட்டால் பேஸ் போய்விடும் என்பதையும் சொல்ல வேண்டும். கடையில் நின்றபடி அரைகுறையாகச் சொருகிக் கேட்டுவிட்டு "பேஸே இல்லை, போலி" என்று ஒதுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தாடையை அசைத்தாலும் ஒலி மாறாத அளவுக்குப் பொருந்திய பிறகுதான் கேட்கத் தொடங்க வேண்டும்.

முதலில் ஈஆர்4எஸ்ஆர். 1991இல் எடிமோட்டிக் நிறுவனர் மீட் கில்லியன் உருவாக்கிய முதல் ஈஆர்4இன் வழிவந்த 2016ஆம் ஆண்டு மாடல். உள்ளே ஒலி எழுப்பும் பாகமாக ஒரே ஒரு பேலன்ஸ்டு ஆர்மேச்சர் டிரைவர், காதுகேள் கருவிகளில் இருப்பதைப் போன்றது. காதுக்குழாய் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம். ஒரு பக்கம் மூடிய அந்தக் குழாய் 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலியைத் தானாகவே உயர்த்தித் தரும். இயர்போனைச் சொருகிக் குழாயின் வாயை அடைத்ததும் அந்த இயற்கையான உயர்வு கெட்டுப்போகிறது. இழந்ததை இயர்போனே திருப்பித் தர வேண்டும். கூடுதலாகத் தந்தால் நாதஸ்வரம் காதைக் கிழிக்கும், குறைவாகத் தந்தால் அம்மா அடுத்த அறையிலிருந்து பேசுவார். ஈஆர்4 இந்த இடத்தில் அச்சு அசல். அம்மா "வஞ்சிரம் கிட்ட போக முடியவில்லை, வாழைப்பழம்கூட விலை ஏறிவிட்டது" என்று சொல்லும் இடத்தில் ழகரம் நாக்கு மடிவது வரை கேட்கிறது. மீனின் தலையைக் கிள்ளும் அந்தச் சின்னச் சத்தம் தனியாக, அதன் இடத்தில் இருக்கிறது.

மிருதங்கத்திலும் இதுவே முதலிடம். சாதாரண முரசில் அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்தெழும் மேல்சுரங்கள் ஒன்றோடொன்று இசையாது. மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையின் நடுவில் பூசிய கருஞ்சாந்துதான் அவற்றை ஒரு தந்தியின் மேல்சுரங்களைப் போல ஒழுங்கில் நிறுத்துகிறது என்று 1920இல் சி.வி. ராமனும் சிவகாளி குமாரும் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அந்த ஒழுங்கால்தான் மிருதங்கத்துக்குச் சுருதி சேர்க்க முடிகிறது. இயர்போன் ஒன்று இடையில் ஏதாவது ஒரு பட்டையைத் தூக்கினாலோ அமுக்கினாலோ சாப்பு என்ற அடி தகரத்தில் தட்டியதுபோல் ஆகிவிடும். ஈஆர்4இல் சாப்பு சாப்பாகவே விழுந்தது.

குறை இல்லாமல் இல்லை. தவிலின் இடப்பக்கத்தில் கோல் விழும்போது நெஞ்சில் ஓர் அதிர்வு உண்டல்லவா, அது இதில் வெறும் செய்தியாகத்தான் வருகிறது. மூன்றடுக்கு ரப்பரை ஈரப்படுத்தி ஆழமாக நுழைக்க வேண்டும். பலருக்கு அது பிடிப்பதில்லை. சட்டையில் கம்பி உரசினாலும் காதுக்குள் இரைச்சல். 35 முதல் 42 டெசிபல் வரை வெளிச்சத்தத்தை அடைத்துவிடும் என்பது வீட்டில் வரம். கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் எண்ணூர் விரைவுச் சாலையில் இதை மாட்டிக்கொண்டு யாரும் நடக்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஐஇ 600 இன்னொரு குடும்பம். சாதாரண ஒலிபெருக்கியைப் போலச் சவ்வு அதிரும் 7 மில்லிமீட்டர் டைனமிக் டிரைவர் ஒன்றுதான். உடல் முப்பரிமாண அச்சில் வார்த்த சிர்கோனியக் கலவை உலோகம். 2022இல் 699 டாலருக்கு வந்தது. தவில் இதில்தான் தவில். இடப்பக்கக் கோல் விழுவதும், வலப்பக்கத்தில் விரல்கூடுகள் வெடிப்பதும் ஒரே தோல்கருவியிலிருந்து வருகின்றன என்ற உணர்வு மற்ற எதிலும் இவ்வளவு உறுதியாகக் கிடைக்கவில்லை. கோயில் மண்டபத்தின் கல் எதிரொலிகூடப் பின்னால் விரிகிறது. நாதஸ்வரத்தின் மேல்ஸ்தாயியில் மட்டும் கொஞ்சம் கூடுதல் பளபளப்பு. அரை மணி நேரம் கேட்டால் எனக்குக் களைப்பாக இருந்தது. அம்மாவின் குரல் இயல்பு, ஆனால் ஈஆர்4இன் அளவுக்கு நெருக்கம் இல்லை.

அசல் எஸ்இ846இல் நான்கு ஆர்மேச்சர்கள். கீழ்ஒலி மட்டும் துருப்பிடிக்காத எஃகுத் தகடுகள் பத்தை அடுக்கி ஒட்டிய ஒரு வடிகட்டி வழியாகச் சுற்றி வருகிறது. அதனால் பேஸ் கனமாக, ஆனால் குரலின்மேல் வழியாமல் நிற்கிறது. நாதஸ்வரத்தின் கூர்மை மழுங்கிவிடுகிறது என்பது என் தீர்ப்பு. மேடையில் மூன்று மணி நேரம் மாட்டியிருக்கும் கீபோர்டுகாரருக்கு அது குறையல்ல என்பதும் உண்மை.

ஒரு விஷயத்தை இங்கே நின்று சொல்லிவிடுகிறேன், அசல் பொருளைப் போலி என்று பழி சொல்வதற்கு இதுதான் பெரிய காரணம். எஸ்இ846இன் மின்தடை 9 ஓம் மட்டுமே, அதுவும் ஒலிக்கு ஒலி மாறக்கூடியது. அப்பாவின் பழைய ஆம்பிளிஃபயரில் இருக்கும் ஹெட்போன் துளையில் அதைச் சொருகினேன். ஒலியே வேறாகிவிட்டது. அலைபேசியில் கேட்ட அதே இயர்போன்தான் என்று நண்பரே நம்பவில்லை. ஆம்பிளிஃபயரின் வெளியீட்டுத் தடை அதிகமாக இருந்தால் இப்படி ஆகும். ஐஇ 600ஐ அதே துளையில் போட்டபோது கிட்டத்தட்ட மாற்றமே இல்லை. ஆகவே இரண்டு எஸ்இ846களை ஒப்பிடுகிறவர்கள் ஒரே கருவியில் ஒப்பிட வேண்டும்.

இப்போது மாப்பிள்ளையுடையது. அளவைச் சமன் செய்த பிறகு அந்த முதல் நிமிடத்து ஈர்ப்பு போய்விட்டது. பேஸ் இருந்தது, மொத்தையாக. அம்மா சொல்லும் ஒவ்வொரு சகரத்திலும் சீழ்க்கை ஒட்டிக்கொண்டது. இருந்தாலும் இதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்லிவிட முடியாது. ரசனை என்று ஒருவர் வாதாடலாம்.

வாதாட முடியாத சோதனை அடுத்தது. இரு காதுக்கும் ஒரே ஒலியாக, 20 ஹெர்ட்ஸிலிருந்து மெதுவாக மேலேறும் ஒற்றைச் சுரத்தை ஓடவிட்டேன். அசல் மூன்றிலும் அது நெற்றி நடுவிலேயே நின்றபடி ஏறியது. ஈஆர்4இன் ஒவ்வொரு ஜோடிக்கும் இடவலப் பொருத்தத்துக்கான சான்றிதழைத் தொடர் எண்ணோடு தருகிறார்கள். அந்தத் தாளின் மதிப்பு இங்கே புரிந்தது. மாப்பிள்ளையுடையதில் சுரம் 2,000 ஹெர்ட்ஸ் பக்கம் இடது காதுக்கு ஓடியது, இன்னும் கொஞ்சம் மேலே போனதும் வலதுக்குத் தாவியது. என் காதிலேயே கோளாறு இருக்கலாமே என்று இடது வலதை மாற்றி மாட்டினேன். ஓட்டமும் பக்கம் மாறியது. கோளாறு என் காதில் இல்லை.

பிறகு முனைக்குழாய். முதல் தலைமுறை எஸ்இ846உடன், ஒலி வெளிவரும் முனையில் மாற்றி மாட்டும் மூன்று முனைக்குழாய்கள் வந்தன. மாற்றினால் 1,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரையிலான பட்டை இரண்டரை டெசிபல் ஏறும் அல்லது இறங்கும். நண்பருடையதில் அம்மாவின் குரல் ஒவ்வொரு முறையும் ஓரடி முன்னே வந்தது, பின்னே போனது. மாப்பிள்ளையுடையதில் நிறம் மட்டும்தான் வேறு. மூன்றும் ஒரே ஒலி.

கடைசியாக, சால்டரிங் வேலைக்கு வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை எடுத்தேன். இரண்டுமே உள்ளே தெரியும் கண்ணாடி போன்ற உடல். அலைபேசி டார்ச்சைப் பின்னாலிருந்து அடித்ததும் நண்பருடையதில் நான்கு சிறிய உலோகப் பெட்டிகள், அவற்றை ஒட்டிப் புத்தகத்தின் ஓரம்போல் நெருக்கமான கோடுகளோடு அந்தத் தகடு அடுக்கு. மாப்பிள்ளையுடையதில் இரண்டு பெட்டிகள். தகடுகள் இருக்க வேண்டிய இடத்தில் வழுவழுப்பான ஒரு பிளாஸ்டிக் துண்டு, அதைச் சுற்றி வழிந்து காய்ந்த பசை. அவனும் குனிந்து பார்த்தான். எதுவும் பேசவில்லை.

பெட்டி, முத்திரை, தொடர் எண் ஆகியவற்றைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. மூன்றையும் அச்சடிக்கலாம், இவனுடைய பெட்டியும் குறை சொல்ல முடியாதபடிதான் இருந்தது. அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரின் பில் ஒன்றுதான் எனக்குச் சான்று. ஐஇ 600 வாங்குகிறவர்கள் மட்டும் உடலை உதட்டில் வைத்துப் பாருங்கள். உலோகம் சில்லென்று இருக்கும். சாம்பல் நிறம் பூசிய பிளாஸ்டிக்கில் அந்தக் குளிர்ச்சி வராது.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், வீட்டில் உட்கார்ந்து நாதஸ்வரமும் தவிலும் கேட்கிறவருக்கு ஐஇ 600 என்பேன். குரலையும் மிருதங்கத்தையும் கூர்ந்து கேட்க வேண்டும், காதுக்குள் ஆழமாக நுழைவது பரவாயில்லை என்கிறவருக்கு 2016இல் 349 டாலருக்கு வந்த ஈஆர்4எஸ்ஆர். என் பணம் இதற்குத்தான் போனது, மறுபடியும் போகும். எஸ்இ846 மேடைக்காரர்களுக்கு.

மாப்பிள்ளை இப்போது மாதம் 1,500 ரூபாய் ஒதுக்குகிறான். அந்தக் காசு சேரும்வரை என் ஈஆர்4 அவனிடம் இருக்கிறது. முந்தாநாள் இரவு அவனிடமிருந்து ஒரு செய்தி: "மாமா, பாட்டி பேசும்போது பின்னால் குக்கர் விசில் ஒன்று வருகிறதே, அது முன்பும் இருந்ததா?"

இருந்தது. மூன்றாவது நிமிடத்தில்.